கொண்டையில் நாலு இறகு

சாவிக்குச் சந்தனம் வைத்தது வீரபாகு செய்த காரியம். அதில் வேறு யாருக்கும் பங்கு இல்லை. ஆனாலும் அடுத்த பத்து நாள் வீட்டில் இருந்த அத்தனை பேரையும் முறைத்துக்கொண்டு திரிந்தார்.

ஆரணியில் தறி வைத்திருப்பவர்கள் சரஸ்வதி பூஜையன்று நூல் ஓட்டுகிற நாடா, தராசு, கத்தரிக்கோல் என்று தொழில் செய்யும் சாமான் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். வீரபாகு எட்டுத் தறிக்காரர், பட்டுச் சேலை வியாபாரி, எதையும் ஊரைவிட ஒரு படி கூடுதலாகச் செய்கிறவர். அவரிடம் இருந்த சாமான்களிலேயே விலை கூடியது கட்டை விரல் நீளத்தில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் துண்டு. அதற்குப் பேர்தான் சாவி. அதைக் கம்ப்யூட்டரில் செருகினால்தான் சேலை டிசைன்களைத் தறிக்கு அனுப்பும் சாஃப்ட்வேர் கண் திறக்கும். இரும்புப் பெட்டிச் சாவியோடு கோத்து, பன்னிரண்டு வருஷமாக இடுப்பை விட்டு இறக்காமல் வைத்திருந்தார். அவ்வளவு பெரிய பொருளுக்கு நெற்றி எது வாய் எது என்று பார்க்காமல், நல்ல கெட்டிச் சந்தனமாகக் குழைத்து, செருகுகிற முனையிலேயே அப்பிவிட்டார். அதன் மேல் குங்குமம்.

விஜயதசமி காலையில் கம்ப்யூட்டர் அந்தச் சாவியை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டது. ஊசியால் குத்தி எடுத்தார், ஊதினார், மாடியில் வெயிலில் காய வைத்தார். கடைசியில் பல் தேய்க்கிற பிரஷ்ஷைத் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்தார். அதோடு அதன் கதை முடிந்தது.

"சாமிக்கு வெச்சது சாமிகிட்டயே போயிடுச்சு," என்றாள் மனைவி சுபலட்சுமி. அவள் அதைக் கிண்டலாகச் சொன்னாளா, பக்தியாகச் சொன்னாளா என்று இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்துக்குப் பிறகும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வேறு சாவி வாங்கலாம் என்று வடக்கே இருக்கும் அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டால் நம்பர் உபயோகத்தில் இல்லை. அலைந்து திரிந்து ஏஜென்ட்டைப் பிடித்தார். கம்பெனியைக் கோடையிலேயே இழுத்து மூடியாகிவிட்டது என்று அவன் துக்க வீட்டில் பேசுகிற குரலில் சொன்னான்.

உள்ளே மாட்டிக்கொண்டது பூர்ணகும்ப பார்டர். அந்த டிசைனில்தான் வீரபாகுவின் பேரே நின்றது. சென்னையில் பதினெட்டு வருஷமாக அவரிடம் சரக்கு எடுக்கும் கடை, தை மாச முகூர்த்தத்துக்கென்று அதே பார்டரில் நாற்பது சேலை கேட்டிருந்தது. பொங்கலுக்கு முன்னால் கைக்கு வந்தாக வேண்டும். "முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க, நாங்க காஞ்சிபுரத்துல பாத்துக்கறோம்," என்றார் கடை மேனேஜர். மரியாதையான குரல்தான். வீரபாகு உடனே கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்தக் கடை போனால் எட்டுத் தறியில் பாதியை நிறுத்த வேண்டும்.

பார்டரின் கிராஃப் இருந்தால் கவலை இல்லை. கட்டம் கட்டமாக டிசைன் வரைந்த அந்தக் காகிதத்தைப் பார்த்து மறுபடி கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம். ஆனால் எவனாவது காப்பி அடித்துவிடுவான் என்று அதை வீரபாகு தன் கையாலேயே வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்திருந்தார். சாம்பலைக்கூடக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் குளிக்கப் போனார். பழைய சேலையை வைத்துப் புதிதாக வரையச் சொன்னால் இரண்டு மாசம் ஆகும். அதற்குள் பொங்கல் வந்து வாசலில் நிற்கும்.

இந்த நிலைமையில்தான் அவர் மருந்துக் கடைக்கு மேல் இருந்த செங்குத்துப் படியில் மூச்சு வாங்க ஏறினார். மேலே அவருடைய தங்கச்சி உண்ணாமலையின் மகள் ஹேமலதாவின் ஆபீஸ்.

ஹேமலதா சென்னையில் கைநிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதை விட்டுவிட்டு வந்து, தறியில் டிசைன் போடும் ஜக்கார்டு பெட்டிகளை ரிப்பேர் பார்க்கும் களம்பூர் தீனாவைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு, தறிக்காரர்களுக்காக, குறுக்கே ஓடும் நூலின் பேரில், 'ஊடை' என்று ஒரு சாஃப்ட்வேர் எழுதினாள். எழுதி, இனாமாகக் கொடுத்தாள். இனாம் என்றால் வெறும் இனாம் இல்லை. அதன் உள் எழுத்து முழுவதையும் திறந்து வைத்தாள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். திருத்தினால் அந்தத் திருத்தமும் எல்லாருக்கும் பொது. ஆபீஸ் திறப்பு விழாவில் இதைக் கேட்ட வீரபாகு, ஊர்ப் பெரிய மனுஷர்கள் நடுவில், "ஓசில குடுக்கற பொருளுக்கு எதுக்கும்மா கடை? தெருமுனைல பானைய வெச்சு ஊத்திட்டுப் போறதுதான?" என்று சொல்லிவிட்டுக் கேசரியைச் சாப்பிட்டுப் போனவர். அதற்கப்புறம் இந்தப் படியை மிதித்ததில்லை.

"மாமா! யாருக்கு இன்னா ஆச்சு?" என்று எழுந்தாள் ஹேமலதா.

"ஏன், தங்கச்சி பொண்ண பாக்க வரக்கூடாதா?"

"வரலாம். ரெண்டு வருஷம் கழிச்சு வந்துகீறீங்க, அதான் கேட்டேன்."

மூலையில் ஒரு ஜக்கார்டு பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த தீனா, தலையை நிமிர்த்தாமலே, "சந்தனம் விஷயமாத்தான் வந்திருப்பாரு," என்றான்.

ஊருக்கே தெரிந்திருக்கிறது. வீரபாகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார். "இத பாரு ஹேமா. எனக்கு மட்டும் அந்தப் பூட்ட ஒடைச்சுக் குடு. ஒருத்தருக்கும் சொல்லாத. நீ கேக்கறத குடுக்கறேன்."

"நான் எழுதினத எப்படி மாமா உங்களுக்கு மட்டும் குடுக்கறது? இங்க எல்லாமே பொதுதான்."

"அது சரி, எல்லாத்தையும் பொதுவுல போட்டுட்டு நீ இன்னா சாப்புடுவ?"

"கோயில் தேரு பொதுதான மாமா. தேருக்கு சக்கரம் மாத்தற ஆசாரிக்கு கூலி உண்டா இல்லியா? ஊடை பொது. அத உங்க தறில மாட்டறது, கத்துக் குடுக்கறது, தறி நின்னா ஜல்தியா ஓடியாறது, இதுக்கெல்லாம் கூலி."

"தேரு வருஷத்துக்கு ஒரு நாள்தான் ஓடுது."

"அதனாலதான் எங்க ஆசாரி பன்னண்டு தறிக்கு மேல போகாம உக்காந்துகினு கீறாரு," என்றான் தீனா. ஹேமலதா அவனை முறைத்தாள். இரண்டு வருஷத்தில் பன்னிரண்டு தறி என்பது அவளுக்கு வலிக்கிற இடம்.

அவள் பொறுமையாக விளக்கினாள். அந்தப் பூட்டின் ஜாதகம் அவளுக்குத் தெரியாது. ஒரே ஒரு பூட்டிய ஃபைலை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த ஐந்தாறு ஃபைல் வேண்டும். அதே சாஃப்ட்வேரை வாங்கிய மற்ற முதலாளிகள் ஆளுக்கொரு டிசைன் ஃபைலும், அந்த டிசைனில் நெய்த சேலையும் கொண்டுவந்தால், இரண்டையும் ஒத்துப் பார்த்து வழி கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்த வழியை ஊடையில் சேர்த்துவிடுவாள். அதற்கப்புறம் அவரவர் தங்கள் ஃபைலைச் சாவி இல்லாமலே திறந்துகொள்ளலாம்.

"ராஜவேலு ஃபைலும் தொறந்துக்குமா?"

"தொறந்துக்கும்."

"அப்ப எனக்கு இன்னா லாபம்?"

"உங்களுது தொறக்கும்ல மாமா."

வீரபாகுவுக்கு இது லாபக் கணக்கிலேயே வரவில்லை. "என் டிசைனயும் பொதுவுல போட்டுடுவியா?" என்று கேட்டார். "வழிதான் பொது. உங்க டிசைன் உங்களுது," என்றாள். அவர் நம்பாமல்தான் படி இறங்கினார். ஆனால் வேறு வழியும் இல்லை.

அந்த சாஃப்ட்வேரை வாங்கியவர்கள் ஊரிலும் பக்கத்திலுமாக ஆறு பேர். வீரபாகு, பரசுராமன், திருமலை, அருள்மணி, முள்ளிப்பட்டு ஜெயவேல். ஆறாவது ஆள் ராஜவேலு. மற்ற நாலு பேரையும் மடக்கிவிடலாம். ராஜவேலுவோடுதான் அவருக்கு ஒன்பது வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

அதற்கு முன்னால் அவர்கள் ஒரே பெஞ்சில் படித்து, ஒரே வருஷம் தறியில் உட்கார்ந்து, சாயங்காலம் ஒரு டீயை வாங்கி இரண்டு தம்ளரில் பிரித்துக் குடித்தவர்கள். பிரித்தது ஒரு மயில். வீரபாகுவிடம் ஒரு மயில் முந்தி டிசைன் இருந்தது. மயிலுக்குக் கொண்டையில் ஐந்து இறகு போடுவார்கள். வீரபாகுவின் மயிலுக்கு நாலுதான். திருடன் காப்பி அடித்தால் அந்தக் குறையையும் சேர்த்துத்தானே அடிப்பான், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று அவர் வேண்டுமென்றே ஒன்றைக் குறைத்து வைத்தாராம். இது வீரபாகு சொல்லும் கதை. சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பியும் விட்டார். அப்புறம் ஒரு நாள் களம்பூரில் ஒரு கல்யாணத்தில், ராஜவேலுவின் மருமகள் முந்தியில் அதே மயில், கொண்டையில் எண்ணி நாலே இறகோடு நின்றது. அன்றைக்குப் பந்தியில் பாதியில் எழுந்து வந்தவர்தான்.

இப்போது ராஜவேலு வீட்டு வாசலில் வீரபாகு செருப்பைக் கழற்றியதுமே, உள்ளே தறியில் இருந்த நெசவாளி பக்கத்தில் கிடந்த வேட்டியை எடுத்துத் தறியின் மேல் போர்த்தினார். வெளி ஆள் வந்தால் டிசைனை மறைப்பது ஊர் வழக்கம். வீரபாகு கோபித்துக்கொள்ளவில்லை. அவர் வீட்டில் கரண்ட் பில் எடுக்க வருகிறவருக்கே போர்த்துகிறார்கள்.

"சாவிக்கு சந்தனம் வெச்சியாமே," என்றார் ராஜவேலு, சுவரைப் பார்த்தபடி.

"உன் சாவி நல்லாகீதா?" என்றார் வீரபாகு, காலண்டரைப் பார்த்தபடி.

"டிசம்பர் முப்பத்தொண்ணு வரைக்கும் நல்லாகீது. வருஷா வருஷம் ஒரு நம்பர் அனுப்புவானே, அத இனி எவன் அனுப்புவான்? ஜனவரி ஒண்ணாந்தேதி என்னுதும் செத்துடும். ஒரே பேஜாரு."

வீரபாகு வந்த விஷயத்தைச் சொன்னார். சுவரும் காலண்டரும் கேட்டுக்கொண்டன. கடைசியில் ராஜவேலு, "கொண்டாறேன். ஒன்ன நம்பி இல்ல, அந்தப் பொண்ண நம்பி," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை என்று முடிவானது. எந்த டிசைனைக் கொண்டுபோவது என்று வீரபாகு சனிக்கிழமை முழுவதும் யோசித்தார். நல்லதை எவனாவது நாலு பேர் முன்னால் விரிப்பானா? எல்லாருக்கும் தெரிந்து போனாலும் நஷ்டமில்லாத, போணியாகாத ஒரு பழசு வேண்டும். அந்த மயிலையே எடுத்துப் பையில் வைத்தார். அதில் இன்னொரு வசதியும் இருந்தது. ராஜவேலுவின் மூஞ்சிக்கு நேரே விரித்து, நாலு இறகையும் தொட்டுக் காட்டிவிட்டு, பேசாமல் உட்காரலாம். வந்த வேலை ஒன்று, வைத்திருந்த வன்மம் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை ஆறு முதலாளிகளும் ஆறு பையோடு படியேறினார்கள். தீனா பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தான். ஒவ்வொருவரும் பக்கத்து ஆள் பைக்குள் எட்டிப் பார்க்காதபடி நாற்காலியைத் திருப்பிக்கொண்டதில் வட்டம் உடைந்து, ஆளுக்கொரு மூலையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். ஹேமலதா பென் டிரைவ்களை வாங்கி ஃபைல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டாள். "இப்ப சேலைய விரிங்க," என்றாள்.

யாரும் அசையவில்லை. முதலில் விரிக்கிறவன் ஏமாளி என்று ஆறு பேருக்கும் தெரியும்.

"நான் மூணு எண்றதுக்குள்ள எல்லாரும் ஒண்ணா விரிக்கணும்," என்றான் தீனா, குழந்தைகளுக்கு விளையாட்டு வைக்கிற மாதிரி. எண்ணினான். ஆறு முந்தியும் மேஜையில் விழுந்தன.

அரக்கில் ஒரு மயில், பச்சையில் ஒரு மயில், மாம்பழ மஞ்சளில் ஒரு மயில், கத்தரிப்பூ நிறத்தில் இரண்டு, வீரபாகுவின் நீலத்தில் ஒன்று. ஆறும் கழுத்தை ஒரே பக்கம் திருப்பி, ஒரே காலைத் தூக்கிக்கொண்டு நின்றன. போணியாகாத பழசு என்று ஆறு பேருக்கும் ஒரே பழசுதான் தோன்றியிருக்கிறது.

"திருட்டுப் பசங்களா!" என்று முதலில் எழுந்தவர் வீரபாகு. "கொண்டைய எண்ணுங்கடா! நாலு எறகு! திருடனப் புடிக்க நான் வெச்ச அடையாளம்!"

"நீ வெச்ச அடையாளமா?" ராஜவேலு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "அது நான் வெச்சது!"

"யோவ், அத வெச்சதே எங்க அப்பாரு," என்றார் பரசுராமன். திருமலையும் அருள்மணியும் ஆளுக்கொரு சத்தியம் செய்தார்கள். முள்ளிப்பட்டு ஜெயவேல் மட்டும், வெளியூர்க்காரர் என்பதால், தன் பங்குச் சத்தியத்தை மெதுவாகச் செய்தார்.

தீனா விரலை விட்டு எண்ணி முடித்து, "ஆறு மயிலு, இருவத்தி நாலு எறகு. ஆறு எறகு எங்கயோ போயிருக்குது," என்றான். ஹேமலதா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்: "சண்டைய அப்பறம் போடுங்க. இதுக்கு கிராஃப் போட்டது யாரு?"

ஆறு பேரும், ஒருவர் பின் ஒருவராக, ஒரே பேரைச் சொன்னார்கள். சடையன்.

சடையன் அந்தக் காலத்தில் ஊருக்கெல்லாம் கிராஃப் போட்டவர். இப்போது கண் மங்கிப்போய்த் தெள்ளாரில் மகள் வீட்டில் இருக்கிறார். ஹேமலதா போனைப் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி மேஜையில் வைத்தாள். மயில் என்றதுமே கிழவர் குரலில் ஒரு தெம்பு வந்தது.

"மயிலா? நான் போட்டது ஒரே மயிலுதாம்மா."

"அத எத்தினி பேருக்குக் குடுத்தீங்க?"

"ஆறு பேருக்கு. ஒவ்வொருத்தரும், 'சடையா, இது எனக்கு மட்டும்தான், யாருக்கும் சொல்லாத'ன்னாங்க. நான் இன்னி வரைக்கும் யாருக்காவது சொன்னனா, கேட்டுப் பாரு."

சொன்ன வாக்கைக் காப்பாற்றிய மனுஷரை யார் என்ன குறை சொல்ல முடியும்? ஹேமலதா மறுபடி கேட்டாள். "கொண்டைல நாலு எறகு போட்டிருக்கீங்களே, அதுல எதனா கணக்கு கீதா?"

"கணக்கு இன்னா கணக்கு. தாள்ல எடம் பத்தல. இன்னொரு தாள ஒட்டலாம்னு பாத்தேன், பசை தீந்து போச்சு. கடைக்குப் போனா கடசி பஸ்ஸு போயிடும். நாலு போதும்னு வுட்டுட்டேன். ஏம்மா, இப்ப யாரனா அத கேக்கறாங்களா?"

"இல்லீங்க, சும்மாதான்," என்று ஹேமலதா போனை வைத்தாள்.

வீரபாகு உட்கார்ந்துவிட்டார். பசை தீர்ந்து போனதற்காக ஒன்பது வருஷம். ராஜவேலுவின் அம்மா செத்த அன்று தெருமுனை வரைக்கும் போய், அந்த மயிலை நினைத்துத் திரும்பி வந்ததும் அவருக்கு இப்போது ஞாபகம் வந்தது. சின்ன வயசில் அந்தக் கையால் எத்தனை நாள் சாப்பிட்டிருப்பார். அவருக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாக அழுகை முட்டியது. ஐம்பத்தெட்டு வயசில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அழக் கூடாது என்று மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தார். ராஜவேலுவும் அதே ஃபேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அறையில் ஹேமலதா ஒருத்திதான் சந்தோஷமாக இருந்தாள். சந்தோஷம் என்றால் கொஞ்ச நஞ்சம் இல்லை, மேஜையைத் தட்டிக் குதித்தாள். "மாமா, நீங்க எல்லாரும் வேற வேற டிசைன் கொண்டாந்திருந்தா மாசக் கணக்குல ஆகியிருக்கும். இப்ப பாருங்க, ஒரே சேலைய ஆறு பெட்டில வெச்சு ஆறு பூட்டுப் போட்டுகீறீங்க. பெட்டிய பெட்டியோட ஒத்துப் பாத்தா, ஒண்ணா இருக்கறது மயிலு. மாறி இருக்கறது பூட்டு!"

ஆறு பேரின் கள்ளத்தனத்துக்கும் ஒரு உபயோகம் உண்டு என்பதை ஆறு பேரும் மரியாதையோடு கேட்டுக்கொண்டார்கள். மயிலை வெளியாட்களுக்குக் காட்டலாமா என்று அவள் கேட்டபோது, யாருடையது என்று சொல்லி மறுக்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அவள் ஆறு ஃபைலையும் ஊடைக்காரர்கள் கூடும் இணையதளத்தில் வைத்தாள். சேலத்தில் ஒரு பாலிடெக்னிக் வாத்தியார் பூட்டில் பாதியைப் பிரித்தார். போர்ச்சுகல்லில் துணி மில் வைத்திருக்கும் யாரோ ஒரு அம்மா மீதியில் பாதியைப் பிரித்தாள். மிச்சத்தை ஹேமலதாவே முடித்தாள். "முகம் தெரியாதவங்க நமக்கு எதுக்கும்மா வேல செய்றாங்க?" என்று வீரபாகு தினம் வந்து கேட்டார். "நாளைக்கு அவங்க பூட்டுக்கும் இது ஒதவும்ல," என்று ஹேமலதா தினம் பதில் சொன்னாள். ஒன்பதாம் நாள் மத்தியானம், சாவி இல்லாமல், சந்தனம் இல்லாமல், பூர்ணகும்ப பார்டர் திரையில் கும்பம் கும்பமாக எழுந்து நின்றது. வீரபாகு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சந்தோஷம் வீடு போய்ச் சேரும் வரைக்கும்தான். பொங்கலுக்கு நாற்பத்தைந்து நாளே இருந்தது. ஒரு சேலைக்குப் பத்து நாள். எட்டுத் தறியையும் முழுமூச்சாக ஓட்டினாலும் முப்பத்திரண்டு சேலைதான் தேறும். மீதி எட்டை வெளியில் கொடுத்துத்தான் நெய்ய வேண்டும். கொடுப்பதென்றால் பார்டரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எரித்துச் சாம்பலைக் கிளறிய அதே பார்டரை. சுபலட்சுமியிடம் இரண்டு வேளை சோறு சரியாக இறங்கவில்லை என்றார். "எறங்கலன்னா ராஜவேலு அண்ணன் வூட்டுக்குப் போய் வாங்க," என்றாள். இந்த முறை அது கிண்டல் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

செத்துப்போன சாவி தொங்கிய இடத்தில் பென் டிரைவைக் கட்டிக்கொண்டு போனார். அவர் வாசலில் செருப்பைக் கழற்றியதும் தறியில் இருந்தவர் வழக்கம்போல் வேட்டியை எடுத்துப் போர்த்தினார்.

"எட்றா அத," என்றார் ராஜவேலு.

வேட்டி விலகியது. தறியில் ஓடிக்கொண்டிருந்தது ஒரு சாதாரண ருத்ராட்ச பார்டர், ஊரில் எல்லாரும் நெய்வது. இதற்கா போர்த்தினாய் என்று கேட்க வாயெடுத்து, வீரபாகு கேட்கவில்லை. இடுப்பிலிருந்து பென் டிரைவை அவிழ்த்துக் கொடுத்தார். அவிழ்க்கக் கொஞ்சம் நேரம் ஆனது. முடிச்சு அப்படி.

"இத காப்பி எடுத்துக்குவியா?"

"எடுத்துக்குவேன்," என்றார் ராஜவேலு, ஒளிவு மறைவில்லாமல்.

ஹேமலதாவின் ஆபீஸ் சுவரில் ஒரு வாசகம் ஒட்டியிருந்தது, தினமும் பார்த்துப் பார்த்து வீரபாகுவுக்குப் பழகிவிட்டது. அதையே இப்போது ஒப்பித்தார். "எடுத்துக்கோ. எடுத்தா யாருதுன்னு பேர சொல்லிட்டு நெய்யி."

ராஜவேலு உள்ளே பார்த்து ஒரு டீயும் இரண்டு தம்ளரும் கொண்டுவரச் சொன்னார்.

நாற்பது சேலையும் போகிக்கு இரண்டு நாள் முன்னால் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தன. எது வீரபாகு வீட்டில் நெய்தது, எது ராஜவேலு வீட்டில் நெய்தது என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை, வீரபாகுவே சொன்னார். இதற்கு நடுவில், ஜனவரி ஒன்றாம் தேதி, மற்ற ஐந்து சாவியும் சொன்னபடி செத்தன. யாரும் அழவில்லை. ஆறு பேர் தறியும் ஊடைக்கு மாறின, முள்ளிப்பட்டில் ஜெயவேல் வேலை கொடுத்து வைத்திருந்த வீட்டுத் தறிகளும் சேர்ந்தன. பன்னிரண்டாக இருந்தது அறுபத்தேழு ஆனது. இனாம் சாஃப்ட்வேருக்கு ஆறு பேரும் வருஷக் கூலி பேசி முடித்தார்கள். வீரபாகு மட்டும் ஒரு மணி நேரம் பேரம் பேசினார். பேசாவிட்டால் அவருக்கு உடம்புக்கு ஆகாது. தீனா ஆள் போதாமல் களம்பூரிலிருந்து தன் தங்கை சூர்யகலாவையும் வேலைக்குக் கூட்டி வந்தான்.

மயில் ஊடையிலேயே தங்கிவிட்டது. புதிதாக எடுப்பவர்கள் தறியில் ஓட்டிப் பார்க்க ஒரு மாதிரி டிசைன் வேண்டும் என்று, ஆறு பேர் சம்மதத்தோடு, 'ஆரணி மயில்' என்ற பேரில் ஹேமலதா அதை வைத்திருந்தாள். மாசி மாசம் ஒரு நாள் ஆறு பேரையும் மாடிக்குக் கூப்பிட்டாள். கர்நாடகத்தில் ஏதோ ஒரு தறி ஊரிலிருந்து, முன்பின் தெரியாத ஒருவர் மயிலுக்கு ஒரு திருத்தம் அனுப்பியிருந்தார். 'கொண்டையில் ஒரு இறகு விட்டுப்போயிருக்கிறது. சேர்த்திருக்கிறேன். ஏற்றுக்கொள்ளவும்.'

திரையில் ஐந்து இறகோடு மயில் நின்றது. பாவி மனுஷன், அவ்வளவு நேர்த்தியாகப் போட்டிருந்தான். இடம் பத்தாத இடத்தில் கழுத்தை நூலளவு சாய்த்து, ஐந்தாவது இறகைக் கொண்டு வந்திருந்தான். ஆறு பேரும் வாய் பிளந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு, ஆறு பேரும் சேர்ந்தாற்போல், "வேணாம்," என்றார்கள். ஆறு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது ஆரணி சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை.

"வேணாம்னா காரணம் எழுதணும் மாமா. அவரு பாடுபட்டுப் போட்டிருக்காரு."

"எழுதிக்கோ," என்று வீரபாகு தொண்டையைக் கனைத்தார். "ஐயா, அது விட்டுப்போனது அல்ல. திருடர்களைப் பிடிப்பதற்காக நாங்கள் வேண்டுமென்றே..."

பக்கத்தில் ராஜவேலு இருமினார். வெறும் இருமல்தான்.

வீரபாகு நிறுத்தினார். தெள்ளாரில் கண் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் கிழவரை நினைத்தார். ஆறு பேரும் ஆளுக்கொரு பேர் வைத்து விற்ற மயிலில், போட்டவன் பேரை ஒருவரும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. "அத அழிச்சுடும்மா," என்றார். அப்புறம் நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லி எழுத வைத்தார். அனுப்பும் முன் ஒரு முறை படித்துக் காட்டச் சொன்னார். ஹேமலதா படித்தாள்.

"ஐயா, உங்கள் மயில் எங்கள் மயிலைவிட அழகு. அதை உங்கள் பேரிலேயே வையுங்கள், நாங்களும் எடுத்து நெய்கிறோம். எங்கள் மயில் நாலு இறகோடு இருக்கட்டும். அன்றைக்குத் தாளில் இடம் பத்தவில்லை. வரைந்தவர் சடையன், தெள்ளார். நெய்தது, அவர் பேரைச் சொல்லாமல் நெய்த ஆறு பேர், ஆரணி."